சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை

திரையில் திருடர்கள் – 9

1958-ல் ரோம் நகரத்தின் சினிசித்தா ஸ்டூடியோவில் ஹாலிவுட்காரர்கள் 18 ஏக்கர் பரப்பில் ஒரு தேரோட்ட மைதானத்தை எழுப்பி வைத்திருந்தார்கள். ‘பென்ஹர்’ படத்துக்காக. மொத்தச் செலவு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர். ஊரில் வேலையில்லாமல் திரிந்தவர்களுக்கெல்லாம் கூட்டத்தில் நிற்கிற வேஷமும் தினக்கூலியும் கிடைத்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு, அதே ஊரில், வேறொரு படக்குழு தேரும் பளிங்கும் இல்லாமல் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. ஊர்க்கோடிக் காலி மனைகள், துணி காய்கிற மொட்டைமாடி, நிலக்கரி கொட்டுகிற பொந்து, டிராம் தண்டவாளம் என்று கிடைத்த இடத்தில் படம் பிடித்தார்கள். அடகுக்கடையைக் கொள்ளையடிக்கப் போகும் ஐந்து உதவாக்கரைகளின் கதை. பெயர் ‘இ சொலித்தி இஞ்ஞோத்தி’. திருடன் யாரென்று துப்பு கிடைக்காதபோது இத்தாலியப் பத்திரிகைகள் எழுதுகிற சொற்றொடர் அது. நம் தினசரிகளின் ‘மர்ம நபர்கள்’ மாதிரி. ஆங்கிலத்தில் ‘பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்’ என்று தேடினால் கிடைக்கும்.

சென்ற இதழில் பார்த்த ‘ரிஃபிஃபி’யைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அமெரிக்காவில் கறுப்புப் பட்டியலில் சிக்கி, பிழைப்புத் தேடிப் பாரிஸ் வந்த ஜூல்ஸ் டாசின் 1955-ல் எடுத்த படம். அரைமணி நேரக் கொள்ளையில் ஒரு வசனம் கிடையாது, இசை கிடையாது. மேல்மாடியிலிருந்து தரையைத் துளைக்கிறார்கள். துளைக்குள் ஒரு குடையை மூடியபடி இறக்கிக் கீழே விரிக்கிறார்கள். உதிரும் காரையெல்லாம் குடைக்குள் சேர்கிறது. அவ்வளவு சுத்தமான வேலை. அந்தக் கும்பலில் பெட்டி திறக்கும் வித்தைக்காரன் மிலானிலிருந்து வந்த இத்தாலியன். அந்த வேஷத்தை வேறொரு பெயரில் போட்டவர் டாசினேதான்.

ஐரோப்பா முழுக்க அந்தப் படம் ஓடியது. ரோமிலும் ஓடியது. கேலி செய்யாமல் விடுவார்களா? இயக்குநர் மரியோ மோனிசெல்லிக்கும் அவருடைய எழுத்தாளர்களுக்கும் வந்த யோசனை, ஒரு வரியில் சொல்லிவிடக்கூடியது: இப்படி ஒரு ‘விஞ்ஞானபூர்வமான’ திட்டம், வாழ்நாளில் எதையும் ஒழுங்காகச் செய்து முடித்திராத ஆட்கள் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? தொடக்கம் பகடிதான், சந்தேகமில்லை. ஸ்பெயினில் ‘ருஃபுஃபூ’ என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள்; இதற்கு மேல் பச்சையாகச் சொல்ல முடியாது. ஆனால் பகடியாக மட்டும் நின்றிருந்தால் இந்தத் தொடரில் அதற்கு ஒரு பத்திதான் கிடைத்திருக்கும்.

எழுத உட்கார்ந்தவர்கள் நால்வர். ஆஜே, ஸ்கார்பெல்லி இருவரும் எப்போதும் ஜோடியாகவே பெயர் போட்டுக்கொண்ட எழுத்தாளர்கள். நகைச்சுவைப் பத்திரிகைகளில் எழுதியும் வரைந்தும் பழகிய கை. பின்னாளில் செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’யிலும் இந்த ஜோடியின் பெயர் வரும். மூன்றாவது ஆள் சூசோ செக்கி தாமிக்கோ. ஆண்கள் மட்டுமே சிகரெட் புகைக்கு நடுவில் கதை பேசிய அந்தக் காலத்து இத்தாலிய சினிமாவில், மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்த பெண்மணி. பத்து வருடத்துக்கு முன் டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ திரைக்கதையில் பங்கு கொண்டவர். நான்காவது, மோனிசெல்லியே.

சூசோவின் பெயரை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தில் அன்டோனியோ கடைசியில் ஒரே ஒரு தடவை திருடிப் பார்க்கிறான், மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான், நாம் அழுகிறோம். இந்த அடகுக்கடைத் திருடர்கள் அதே அன்டோனியோவின் அண்டைவீட்டுக்காரர்கள். போர் முடிந்து பதின்மூன்று வருடமாகிவிட்டது. நாட்டின் பொருளாதாரம் வேகம் எடுத்துவிட்டது, ஸ்கூட்டரும் குளிர்பெட்டியும் கடைக்கு வந்துவிட்டன. ஆனால் இவர்கள் தெருவரைக்கும் அது வந்து சேரவில்லை. மாற்றிய ஒரே சங்கதி, இப்போது சிரிக்கலாம் என்று எழுதியவர்கள் முடிவெடுத்ததுதான். இட்டாலோ கால்வினோ 1946-ல் எழுதிய ஒரு சிறுகதையின் சாயலும் இதில் உண்டு: மிட்டாய்க் கடைக்குள் திருடப் புகுந்தவர்கள் கல்லாவை மறந்துவிட்டு கேக்கைத் தின்ன உட்கார்ந்துவிடுகிற கதை.

படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்வேன், பொறுக்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

கோசிமோ கார் திருடும்போது மாட்டிக்கொள்கிறான். உள்ளே இருக்கும்போது அவனுக்கு ஒரு பெரிய வேலையைப் பற்றித் தெரியவருகிறது. வெளியே வந்தாக வேண்டும். தன் குற்றத்தை ஏற்றுக்கொண்டு தனக்குப் பதிலாக ஜெயிலுக்குப் போக, காசு வாங்கிக்கொண்டு வருகிற ஒரு ஆள் வேண்டும். அவனுடைய கூட்டாளி, வயதான கப்பனெல்லே, ஆள் தேடி ஊரெல்லாம் அலைகிறார். புகைப்படக்காரன் திபெரியோவிடம் கேட்டால், அவன் பெண்டாட்டி கள்ளச் சிகரெட் விற்று ஏற்கெனவே ஜெயிலில் இருக்கிறாள். கைக்குழந்தையை யார் பார்ப்பது? சிசிலிக்காரன் ஃபெர்ரிபோத்தேவுக்குத் தங்கையைப் பூட்டிக் காவல் காக்கவே நேரம் போதவில்லை. அநாதை விடுதியில் வளர்ந்த மரியோவோ தன்னை வளர்த்தவர்களுக்குப் பயப்படுகிறவன். கடைசியில் பெப்பே என்கிற குத்துச்சண்டைக்காரன் சம்மதிக்கிறான். மேடையில் ஒரே அடியில் சுருண்டு விழுகிற குத்துச்சண்டைக்காரன்.

நீதிபதி இந்த நாடகத்தை நம்பவில்லை. பெப்பேயும் உள்ளே போகிறான், கோசிமோவும் உள்ளேயே இருக்கிறான். தனக்கு மூன்று வருடம் போட்டுவிட்டார்கள் என்று பெப்பே அழுது புலம்பி, அந்தப் பெரிய வேலையின் விவரத்தைக் கோசிமோவின் வாயிலிருந்து கறந்துவிடுகிறான். கறந்த கையோடு, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வெளியே நடக்கிறான். திட்டம் இதுதான்: அடகுக்கடையின் பணப்பெட்டி அறையும் பக்கத்து வீட்டின் அறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. மெல்லிய சுவர். காலியாகக் கிடக்கிற வீடு. துளைத்தால் முடிந்தது.

பெப்பேயாக நடிக்க மோனிசெல்லி விரும்பிய ஆளின் பெயரைக் கேட்டதும் தயாரிப்புத் தரப்பு ஆடிப்போய்விட்டது. வித்தோரியோ காஸ்மன்! ரோம் நாடகக் கழகத்தில் பயின்று, ஹாம்லெட்டும் ஒதெல்லோவும் போட்டுப் பேரெடுத்த மேடை நடிகர். கம்பீரமான குரல், கிரேக்கச் சிலை மாதிரி மூக்கு. சினிமாவில் அதுவரை கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் பெண்களைக் கெடுக்கும் அழகான வில்லன் வேஷம். ‘கசப்பான அரிசி’ பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹாலிவுட்டுக்கும் போய்ப் பெரிதாக ஒன்றும் நடக்காமல் திரும்பியிருந்தார். இந்த மனிதரை வைத்து யார் சிரிப்பார்கள்? தயாரிப்பாளர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். போட்ட காசு திரும்பி வரவேண்டிய படம் இது. சிரிப்பு நடிகர் என்று பெயர் வாங்கிய யாராவது இருந்தால் அவர்களுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மோனிசெல்லி பிடிவாதம் பிடித்தார். முதலில் செய்தது, காஸ்மனின் முகத்தை அழித்தது. நெற்றி அகலமாக இருந்தால் அறிவாளி மாதிரி தெரியும் என்று முடியை இறக்கி நெற்றியைச் சுருக்கினார்கள். மூக்கின் வடிவத்தை மாற்றி, அடி வாங்கிச் சப்பிப்போன மூக்காக்கினார்கள். இதற்கெல்லாம் மேலாக, பேச்சு. இத்தாலியின் மிகத் திருத்தமான உச்சரிப்புக்குச் சொந்தக்காரர் என்று கொண்டாடப்பட்ட ஒருவரைத் திக்கித் திக்கிப் பேச வைத்தார்கள். சில எழுத்துகளில் வண்டி நின்றுவிடும். பெப்பே தன்னைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்லப் போகும் கட்டத்தில்தான் பெரும்பாலும் நிற்கும். நான் பார்த்தவரை இது வெறும் கோமாளித்தனம் இல்லை. நல்ல நடிகர்கள் மட்டமான நடிகர்களாக நடிப்பது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டமான ஒன்றைக் காஸ்மன் செய்திருக்கிறார்: தான் பெரிய ஆள் என்று தனக்கே நிரூபிக்கப் பார்த்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் தோற்றுப்போகிற மனிதன்.

தயாரிப்பாளர் ஃப்ராங்கோ கிரிஸ்தால்தி 1946-ல் டூரின் நகரத்தில் ஆவணப்பட நிறுவனமாக ‘வீதெஸ்’ஸைத் தொடங்கி மேலே வந்தவர். முந்தின வருடம்தான் விஸ்கோந்தியின் ‘வெண்ணிற இரவுகள்’ படத்தைத் தயாரித்திருந்தார். தெரு, கால்வாய், பாலம் எல்லாவற்றையும் ஸ்டூடியோவுக்குள்ளேயே கட்டி எடுத்த படம் அது. இந்தத் தடவை தெருவே ஸ்டூடியோ. காஸ்மனை ஏற்றுக்கொண்டதற்குப் பதிலாக ஒரு காப்பீடு கேட்டார்கள். அந்தக் காப்பீட்டின் பெயர் தோத்தோ.

தோத்தோவை அறியாத இத்தாலியர் கிடையாது. நேப்பிள்ஸ்காரர், போஸ்டரில் அவருடைய கோணல் தாடை தெரிந்தாலே கூட்டம் வரும். மோனிசெல்லிக்கும் அவருக்கும் பழைய உறவு. 1951-ல் ஸ்டெனோவுடன் சேர்ந்து மோனிசெல்லி எடுத்த ‘போலீசும் திருடர்களும்’ படத்தில் தோத்தோதான் திருடன். பிறகு ‘தோத்தோவும் கரோலினாவும்’. அதில் தோத்தோ போலீஸ்காரர். சீருடை போட்ட ஆளைச் சிரிப்புக்கு இடமாக்கியதைத் தணிக்கைக்காரர்கள் பொறுக்கவில்லை. படத்தை இரண்டு வருடம் இழுத்தடித்து, வெட்டு வெட்டென்று வெட்டித்தான் 1955-ல் வெளியே விட்டார்கள். ‘இ சொலித்தி இஞ்ஞோத்தி’யில் திருடர்களைத் தோற்கடிப்பது பெரும்பாலும் போலீஸ் அல்ல, அவர்களுடைய சொந்தக் கைகளே. அந்த வெட்டுகளின் வடு இதில் கொஞ்சம் இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்தப் படத்தில் தோத்தோவுக்கு வேலை கொஞ்சம்தான். பெட்டி உடைப்பதில் ஓய்வுபெற்ற மேதை தந்தே க்ருச்சானி. போலீஸ் கண்காணிப்பில் இருப்பவர்; களத்தில் இறங்கமாட்டார்; பாடம் மட்டும் நடத்துவார், கருவிகளை வாடகைக்கு விடுவார். துணி காய்கிற மொட்டைமாடியில் ஒரு பணப்பெட்டியை வைத்து அவர் வகுப்பெடுக்கிற காட்சியை எத்தனை தடவையும் பார்க்கலாம். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பெயர், அதன் சாதக பாதகம் என்று பேராசிரியரின் நிதானத்தோடு விளக்குகிறார். ரோந்து வருகிற போலீஸ்காரர் படியேறும் சத்தம் கேட்டால் பெட்டி மறைந்து, அவர் சாதுவாகிவிடுகிறார்.

முந்தின வருடம் பலெர்மோவில் மேடையில் நடித்துக்கொண்டிருக்கும்போதே தோத்தோவின் கண்பார்வை போயிருந்தது. பிறகு திரும்பியதும் மங்கலாகத்தான். பெட்டியின் எண்சக்கரத்தை இப்படிப் பார்க்க வேண்டும், அப்படிக் கவனிக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிற அந்தக் காட்சியில் அவருக்குச் சக்கரம் சரியாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விரல்களைப் பாருங்கள், ஒரு தடுமாற்றம் கிடையாது. காமிரா ஓடத் தொடங்கினால் தோத்தோவுக்குக் கண் திரும்பிவிடும் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வது வழக்கம்.

ஆகத் திரையில் கொஞ்ச நேரம், போஸ்டரில் பெரிய இடம். தோத்தோ படம் என்று நம்பிச் சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்களுக்கு உள்ளே காத்திருந்தவர் காஸ்மன். கதையில் உள்ள திருட்டு தோற்றது. மோனிசெல்லி செய்த இந்தத் திருட்டு பலித்தது.

மற்ற முகங்களை எங்கிருந்தெல்லாம் பொறுக்கினார்கள் என்பது தனிக் கதை. ஃபெர்ரிபோத்தே ஒரு சிசிலிக்காரன். கறுப்பு உடை, விறைத்த முகம், தங்கையின் மானத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாதவன். நடித்த திபெரியோ மூர்ஜா சிசிலிக்காரரே அல்ல, சார்டினியத் தீவுக்காரர். ரோமில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரை முகவெட்டுக்காகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குரல் வேறொருவருடையது. அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் அவர் நடித்தார், பெரும்பாலும் சிசிலிக்காரராகவே. கப்பனெல்லே பொலோஞ்யா ஊர்ப் பேச்சுப் பேசுகிறவர்; நடித்த கார்லோ பிசாக்கானே நேப்பிள்ஸ் கிழவர், ஆகவே அவருக்கும் இரவல் குரல். எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருக்கிற அந்தக் கிழவர் பிற்பாடு தன் பெயருக்குப் பக்கத்தில் ‘கப்பனெல்லே’ என்று போட்டுக்கொள்ளும் அளவுக்கு வேஷம் அவரை ஒட்டிக்கொண்டது.

தங்கை கார்மெலினாவாக வந்த பெண்ணுக்குத்தான் உண்மையிலேயே சிசிலிப் பூர்வீகம். அவளுக்கும் இரவல் குரல்! துனிஸ் நகரத்தில் பிறந்து வளர்ந்து, பிரெஞ்சில் படித்தவள். 1957-ல் துனிசியாவின் மிக அழகான இத்தாலியப் பெண் என்ற போட்டியில் வென்று, பரிசாக வெனிஸ் திரைப்பட விழாவைப் பார்க்க வந்து, அங்கே தயாரிப்பாளர்கள் கண்ணில் பட்டவள். வயது இருபதைத் தொட்டும் தொடாமலும். க்ளாடியா கார்டினாலே. ஃபெலினி தன் ‘எட்டரை’ படத்தில் 1963-ல் அவருடைய சொந்தக் குரலை, அந்தக் கரகரப்போடு, அப்படியே விட்டுவைக்கும் வரை இத்தாலிய ரசிகர்கள் அவரைப் பார்த்திருந்தார்களே தவிரக் கேட்டதில்லை. இத்தாலிய சினிமாவில் டப்பிங் என்பது பல் துலக்குவது போல அன்றாடக் காரியம். யாரும் இதை மோசடியாக நினைக்கவில்லை.

திபெரியோவாக வந்தவர் மார்செல்லோ மாஸ்ட்ரோயானி. ‘லா டோல்ச்சே வீட்டா’வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. காமிராவை அடகு வைத்துவிட்ட புகைப்படக்காரன், இடுப்பில் குழந்தை, அடுப்பில் பால். பணப்பெட்டி திறக்கப்படுவதைத் தூரத்திலிருந்து படமெடுத்து எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கும்பல் முடிவெடுக்கிறது. அதற்கு மூவி காமிரா வேண்டுமே? போர்த்தா போர்த்தேஸே பழைய சாமான் சந்தையில், கையில் மாவுக்கட்டு போட்டதாக நடித்து ஒன்றைச் சுருட்டுகிறான். பிறகு கடைக்காரன் ஆளைக் கண்டுபிடித்து நிஜமாகவே கையை முறித்துவிடுகிறான். கொள்ளை ராத்திரிக்குத் திபெரியோ வருவது உண்மையான மாவுக்கட்டோடு.

அந்தச் சந்தைக் காமிராவில் எடுத்த துண்டுப் படத்தைத் தந்தே க்ருச்சானிக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். முக்கியமான எண் வரும் சமயத்தில் யாரோ வீட்டுத் துணி காற்றில் ஆடிக் குறுக்கே வந்து மறைத்துவிடுகிறது. பெரியவர் பார்த்துவிட்டு, சினிமா என்கிற வகையில் இது படுமட்டம் என்று தீர்ப்புச் சொல்கிறார். ஊர்க்கோடியில் கிடைத்த வெளிச்சத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தவர்கள் தங்களைத் தாங்களே கிள்ளிக்கொண்ட இடம் அது.

வெளிச்சம் என்றதும் ஒளிப்பதிவாளர் ஜான்னி டி வெனான்ஸோவைச் சொல்லாமல் போக முடியாது. நகைச்சுவைப் படமென்றால் மூலைமுடுக்கெல்லாம் விளக்குப் போட்டுப் பளிச்சென்று எடுப்பது அன்றைய வழக்கம். சிரிப்புக்கு நிழல் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. மோனிசெல்லி கேட்டது நேரெதிர்: சோகப் படத்துக்குப் போடுகிற விளக்கைப் போடு. அன்டோனியோனியோடு வேலை செய்தவர் டி வெனான்ஸோ. அவருக்கு இது கைவந்த கலை. சாம்பல் நிற வானம், ஈரத் தெரு, பாதி கட்டி நிற்கிற குடியிருப்புகள். அரங்க அமைப்பு பியெரோ கெரார்தி. ஃபெலினி படங்களின் ஆடை அலங்காரத்துக்காகப் பின்னால் இரண்டு ஆஸ்கர் வாங்கப் போகிறவர். படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் சிரிப்புப் படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சத்தத்தை வைத்தால் அதுவும் அன்றைக்குப் புதுசு: பியெரோ உமிலியானியின் ஜாஸ். இத்தாலிய நகைச்சுவைப் படத்துக்கு வழக்கமாகத் துள்ளலான பாண்டு இசைதான் போடுவார்கள். இங்கே சாக்ஸபோன் ஒன்று சோம்பலாக நடந்துவருகிறது. (‘மானா மானா’ என்று உலகமே முணுமுணுத்த பாட்டுக்கு மெட்டுப் போட்டவரும் இந்த உமிலியானிதான்.) இவை எல்லாவற்றோடும் ஊமைப்படக் காலத்து எழுத்து அட்டைகளை நடுநடுவே செருகினார்கள்.

அந்தச் சாம்பல் வெளிச்சம் ஏன் தேவைப்பட்டது என்பது கோசிமோ வெளியே வந்த பிறகு தெரிகிறது. திட்டத்தைப் பறிகொடுத்த ஆத்திரத்தில், தனியாகவே சாதித்துக் காட்டுகிறேன் என்று கைத்துப்பாக்கியோடு அடகுக்கடைக்குப் போகிறான். ஜன்னல் வழியாகத் துப்பாக்கியை நீட்டுகிறான். கவுண்டரில் இருப்பவருக்கு அது அடகுக்கு வந்த சாமான். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழசு, நிலைமை மோசம் என்று சொல்லி ஒரு சொற்ப விலை சொல்கிறார். கோசிமோவுக்குப் பதில் பேச வாய் வரவில்லை. திரையரங்கில் சிரிப்பு அடங்குவதற்குள், தெருவில் ஒரு கைப்பையைப் பறிக்கப் போய், டிராமில் அடிபட்டுச் செத்துப்போகிறான்.

சிரிப்புப் படத்தில் சிரிக்க வைத்த ஆளையே சாகடிப்பதை அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்துச் சவ ஊர்வலம். அவனை ஏமாற்றியவர்களே பின்னால் நடக்கிறார்கள். பிற்காலத்தில் ‘இத்தாலியப் பாணி நகைச்சுவை’ என்று அழைக்கப்பட்ட வகை, பெயரை 1961-ல் வந்த ‘டிவோர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்’ படத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அதையும் தயாரித்தவர் கிரிஸ்தால்திதான். ஆனால் அந்த வகையின் பிறப்பு எங்கே என்று கேட்டால் நான் இந்த டிராமைக் காட்டுவேன்.

இனி அந்த ராத்திரி. காலி வீடு காலி வீடாக இல்லை. வயதான கன்னிப்பெண்கள் இருவர் குடியிருக்கிறார்கள், கூட ஒரு வேலைக்காரப் பெண். அவளை வளைத்து வீட்டுக்குள் நுழையப் போன பெப்பே அவளிடம் மனதைப் பறிகொடுத்தது உபரி நஷ்டம். மரியோ கடைசி நேரத்தில் விலகிக்கொள்கிறான். மிச்சம் நால்வர். நிலக்கரிப் பொந்துக்குள் இறங்கி, கண்ணாடிக் கூரைமேல் தவழ்ந்து, கீழே யாரோ விளக்கைப் போட்டுச் சண்டை பிடிக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்து, ஒருவழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். துளை போடுகிறார்கள், சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயில் போய்க் குத்துகிறது. அறையெல்லாம் வெள்ளம். கார் டயர் மாற்றுகிற ஜாக்கியைக் கிடைமட்டமாக முட்டுக்கொடுத்துத் திருகத் திருக, சுவர் முக்கி முனகி, கடைசியில் ஒட்டுமொத்தமாகச் சரிகிறது. பாரிஸ்காரர்கள் குடை பிடித்துக் காரையைச் சேர்த்த படத்துக்கு இதைவிட முழுமையான பதில் இருக்க முடியாது.

தூசி அடங்குகிறது. ஓட்டை வழியே எட்டிப் பார்த்தால், எதிரே அதே வீட்டின் சமையலறை. தப்பான சுவர்.

இந்த இடத்தில் வேறு யாராவது இயக்குநராக இருந்திருந்தால் கூச்சலும் ஓட்டமுமாக முடித்திருப்பார். மோனிசெல்லி அவர்களை உட்கார வைக்கிறார். விடிய இன்னும் நேரமிருக்கிறது, இன்னொரு சுவரை உடைக்கத் தெம்பு இல்லை. குளிர்பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். அடுப்பில் ஏற்றினால் போதும்: கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா. ஏழைகளின் வீட்டுச் சாப்பாடு. அந்த வீட்டுக் கிழவிகளின் மிச்சம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நன்றாக வந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் பாராட்டிக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுகிறார்கள். மாவுக்கட்டுக் கையோடு திபெரியோ ஸ்பூனைப் பிடிக்கிற அழகைப் பாருங்கள். படம் முழுக்க அந்த நால்வரும் இவ்வளவு நிம்மதியாக இருந்த வேறு காட்சி கிடையாது. அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. காஸ் அடுப்பு வெடிக்கிறது.

முகத்தில் கரியோடு விடியற்காலைத் தெருவில் ஆளுக்கொரு பக்கம் பிரிகிறார்கள். எதிரே போலீஸ் வருவதைப் பார்த்துப் பெப்பேயும் கப்பனெல்லேயும், கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் கேட்டுக்கு முன்னால் முண்டுகிற கூட்டத்துக்குள் நுழைந்துகொள்கிறார்கள். கூட்டம் தள்ளிய வேகத்தில் கேட்டுக்கு உள்ளே போய்விட்டான் பெப்பே. வெளியே தள்ளப்பட்ட கிழவர் பதறுகிறார்: அங்கே போனால் உன்னை வேலை செய்ய வைத்துவிடுவார்கள்! மறுநாள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி: சுவரை உடைத்துப் புகுந்த மர்ம நபர்கள் பாஸ்தாவும் கொண்டைக்கடலையும் தின்றுவிட்டுப் போனார்கள்.

கதையில் ‘மடோனா தெரு’ என்று வருவது ரோமின் த்ராயன் சந்தை இடிபாடுகளுக்குப் பக்கத்திலுள்ள த்ரே கன்னெல்லே தெருவில் எடுத்தது. படம் 1958 ஜூலை இறுதியில் வெளியானது. இத்தாலியில் கோடை என்றால் ஜனங்கள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், தியேட்டரில் ஈ ஓட்டவேண்டியதுதான். அப்படியிருந்தும் ஓடியது. கடல் தாண்டியும் ஓடியது. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் போட்டிக்கு 1959-ல் போய், ஜாக் தத்தியின் ‘மோன் ஓன்க்ல்’ படத்திடம் தோற்றது. தோற்றதற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. காஸ்மனுக்கு இத்தாலிய விமர்சகர்கள் அந்த ஆண்டின் சிறந்த நடிகர் விருதைக் கொடுத்தார்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று பயந்த அதே நடிகரைத் தேடி அதற்குப் பிறகு நகைச்சுவை வேஷங்கள் வரிசை கட்டின.

சூட்டோடு சூடாக 1959-ல் நன்னி லோய் இயக்கத்தில் இரண்டாம் பாகம் வந்தது; அதன் பின்னணி இசையில் செட் பேக்கரே டிரம்பெட் வாசித்தார். இருபதாண்டுகளுக்கும் மேல் கழித்து மூன்றாம் பாகமும் வந்தது. பார்க்காமல் விட்டாலும் குறையில்லை. அமெரிக்கர்கள் விடாமல் முயன்றிருக்கிறார்கள். லூயி மால் 1984-ல் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய் ‘கிராக்கர்ஸ்’ என்று எடுத்தார். 1986-ல் பாப் ஃபாஸி பிராட்வே மேடையில் இசை நாடகமாக்கினார். 2002-ல், பின்னாளில் ‘அவெஞ்சர்ஸ்’ எடுக்கப்போகிற ரூஸோ சகோதரர்கள் கிளீவ்லண்டில் வைத்து ‘வெல்கம் டு காலின்வுட்’ எடுத்தார்கள். மூன்றுமே கல்லாவை நிரப்பவில்லை. திட்டம் எல்லோருக்கும் கிடைத்தது, சுவரைத்தான் மாற்றி உடைத்தார்கள்.

மூலப் படத்தின் வெற்றியை அன்றே கவனித்துக்கொண்டிருந்திருக்க வேண்டிய ஒருவர் உண்டு: ‘ரிஃபிஃபி’ எடுத்த ஜூல்ஸ் டாசின். தன் படத்தைக் கேலி செய்தவர்கள் பெயர் வாங்கிக்கொண்டிருக்க, அவரே 1964-ல் இஸ்தான்புல் போய், மரகதம் பதித்த ஒரு குத்துவாளைத் திருட ஒரு அரைகுறைக் கும்பலைச் சேர்த்தார். இந்தத் தடவை கலரில், சிரிப்போடு. அடுத்த இதழில் ‘தோப்காபி’.